பாட்டியின் ரப்பர் பேண்டும் தண்டியலங்காரமும்

மேசை விளக்கின் வயர் நடுவே தொங்கும் சிறு சுவிட்சைப் பற்றி ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிரித்தார்கள். இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மார்சிலிங்கில் எங்கள் வீவக வீட்டில், பாட்டியின் கட்டிலருகே ஒரு மேசை விளக்கு உண்டு. கறுப்பு வயர், கறுப்பு சுவிட்ச். இரு முனையும் ஒரே வளைவு, எல்லாப் பக்கமும் ஒரே வழவழப்பு. பார்க்க நாகரிகமாகத்தான் இருக்கும். பார்வை மங்கிய பாட்டி இரவில் எழுந்தால் வயரைத் தடவிக்கொண்டே போவார். சுவிட்ச் கைக்கு வந்த பிறகும் எந்த முனையை அழுத்துவது என்று தெரியாது. ஒருநாள், விளக்கு எரியும் முனையில் ரப்பர் பேண்டை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டார். அதன்பின் தடுமாற்றமில்லை.

அந்த ரப்பர் பேண்ட் அலங்காரமா, பயனா?

சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. அமெரிக்காவில் இத்தகைய சுவிட்சின் தோற்றத்துக்கு உரிமை கேட்பவர், படத்தில் காட்டியபடி இதன் 'அலங்கார வடிவம்' என்னுடையது என்று ஒரே வாக்கியத்தில் கோருவார். சிங்கப்பூரில் 2000 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிவுபெற்ற வடிவமைப்புச் சட்டம் முதலில் 5 ஆண்டும், புதுப்பித்தால் 15 ஆண்டு வரையும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் செயல்பாடு மட்டுமே தீர்மானித்த கூறுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் தேவையான ஒரு பயனைத் தோற்றத்தின் பெயரால் ஒருவரே முடக்கிவைக்கக் கூடாதல்லவா?

சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. அந்தப் பிரிவினையை நாம் மனத்துக்குள்ளும் ஏற்றுக்கொண்டோமே, அதோடுதான் சண்டை. பொறியியல் படிக்கும் நாம் மின்சுற்றை 'வேலை' என்கிறோம். மேலுறையை 'மேக்கப்' என்கிறோம். மேசை விளக்குக்கு இங்கே பாதுகாப்பு முத்திரை கட்டாயம். 230 வோல்ட் ஓடும் பொருளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் விரலின் தடுமாற்றத்தை எந்த முத்திரை தீர்க்கும்?

இத்தாலியின் காஸ்டிக்லியோனி சகோதரர்கள் அக்கிலே, பியர் ஜாக்கோமோ இருவரும் 1962இல் பளிங்கு அடிக்கல் கொண்ட 'ஆர்கோ' விளக்கைப் படைத்துப் புகழ்பெற்றவர்கள். அவர்களே 1968இல் விஎல்எம் நிறுவனத்துக்காக வயர் நடுவே வரும் ஒரு சுவிட்சையும் வடிவமைத்தார்கள். சாதாரண மின்சாமான் கடைகளில் அதை வாங்கியவர்களுக்கு வடிவமைத்தவர் யாரென்றே தெரியாது. அக்கிலே மிகவும் பெருமைப்பட்ட படைப்புகளில் அதுவும் ஒன்று.

தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. தண்டியலங்காரம் பொருளணிகளை அடுக்கும்போது முதலில் வைப்பது தன்மை அணியை. உவமைகூட அதற்குப் பின்னால்தான். ஒரு பொருளின் இயல்பை உள்ளது உள்ளபடி விளங்கச் சொல்வதும் அங்கே அலங்காரமே. "இதுதான் என் தலைப்பக்கம்" என்று விரலுக்குச் சொல்லும் ஒரு சிறு மேடு தன்மை அணி அல்லாமல் வேறென்ன? (இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு 'ஆளி' என்று பெயர். ஆள்வது ஆளி. நாம் ஏன் இதை எடுத்துக்கொள்ளவில்லையோ!)

நம் பேரவையில் பொறியியலும் வடிவமைப்பும் படிப்பவர்கள் பலர். இறுதியாண்டுத் திட்டம் என்றால் ரோபோவாகத்தான் இருக்க வேண்டுமா? இந்தச் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் நான்கைந்து மாதிரி செய்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையில் கொடுங்கள். மதிப்பெண் அவர்கள் போடட்டும்.

எங்கள் வீட்டில் ரப்பர் பேண்ட் சில மாதங்களில் இற்றுப்போய் அறுந்துவிடும். கீரைக்கட்டில் வருவதைப் பாட்டி எடுத்து வைத்திருப்பார். அதே முனையில், அதே நான்கு சுற்று.