நீதிபோதனை பீரியட்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரே விவாதம். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒழுக்கம் இல்லை, பள்ளியில் நீதிபோதனை வகுப்பு ஒழுங்காக நடந்தால்தான் சரிவரும் என்று பலர் எழுதியிருந்தீர்கள். "நம்ம சார் எவ்வளவு நல்லா நடத்துவாரு" என்று என்னையும் சாட்சிக்கு இழுத்திருந்தீர்கள். சிரிப்புதான் வந்தது. அந்தப் பீரியடில் நான் என்ன நடத்தினேன் என்று உங்களுக்குத் தெரியாதா? கணக்கில் போர்ஷன் முடியாமல் கிடக்கும். நீதியை ஓரமாக வைத்துவிட்டு வடிவியல் நடத்துவேன்.

அதற்காக நான் பெரிதாக வருந்தவில்லை. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எழுதிய 'நிக்கோமேகியன் எதிக்ஸ்' நூலை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். யாழ் வாசித்துப் பழகித்தான் ஒருவன் யாழ்க் கலைஞன் ஆகிறான். நேர்மையும் அப்படிச் செய்து செய்து வருவதுதான் என்பது அவர் கட்சி. என்றோ ஒரு நாள் உண்மை சொல்லிவிட்டால் போதாது. தெரிந்து செய்ய வேண்டும், அந்தச் செயலுக்காகவே செய்ய வேண்டும், அது அசையாத குணமாக ஊன்றியிருக்க வேண்டும். அறம் பற்றிய பாடம் கேட்டு இளைஞர்களுக்குப் பெரிய பயன் இல்லை என்றுகூட எழுதிவிட்டார். (போர்ஷன் முடித்த என் மனசுக்கு அது ஆறுதல்!)

என்னைத் தூங்கவிடாதது வேறொரு இடம். எதில் மகிழ வேண்டுமோ அதில் மகிழவும், எதில் வருந்த வேண்டுமோ அதில் வருந்தவும் சிறு வயதிலிருந்தே பழக்குவதுதான் சரியான கல்வியாம். தன் ஆசான் பிளேட்டோ சொன்னது என்று குறிப்பிடுகிறார்.

படித்ததும் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் கண்ணாடி ஞாபகம் வந்தது. "யாருடா உடைச்சது? உண்மையைச் சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றான். பிரம்பால் நாலு அடி கொடுத்தேன். கூட விளையாடிய மூன்று பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அடி இல்லை.

கோபமே கூடாது என்று அரிஸ்டாட்டிலும் சொல்லவில்லை. உரிய ஆளிடம், உரிய அளவில், உரிய நேரத்தில் என்கிறார். எனக்குக் கோபம் அன்று காலை என்னைத் திட்டிய தலைமையாசிரியர் மேல். அடி விழுந்தது பையன் மேல். கண்ணாடிக்குப் பாதிக் காசு கொண்டுவா என்று சொல்லியிருந்தால் போதும்.

நான் உருப்படியாக நடத்திய ஒரே நீதிபோதனை வகுப்பு அதுதான். வகுப்பே கவனமாகக் கேட்டது. உண்மை சொன்னால் வலிக்கும், வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். அடுத்த வருடம் எல்லாருடைய மாற்றுச் சான்றிதழிலும் ஒழுக்கமும் பண்பும் என்ற இடத்தில் 'நன்று' என்று ஒரே மாதிரி எழுதினேன்.

பீரியட் கேட்டு யாருக்கும் மனு எழுதாதீர்கள். உங்கள் பிள்ளை குறைந்த மார்க்கை மறைக்காமல் கொண்டுவந்து நீட்டும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த முறை நீட்டுவதா, ஒளிப்பதா என்று முடிவு செய்யும்.

கடைசி பெஞ்சுத் தம்பி இந்தக் குழுவில் இல்லை. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த மூன்று பேரும் இருக்கிறீர்கள். அவன் நம்பர் இருந்தால் அனுப்புங்கள்.