சக்கரத்தின் மேல் ஒரு வீடு

சமையலறை, படுக்கை, ஸ்நான அறை யாவற்றையும் ஒரு வண்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் பிரயாணம் செய்யும் வழக்கம் அமெரிக்காவில் வெகுவாய்ப் பரவியிருக்கிறது. இவ்வித வீட்டு வண்டிகளுக்கு அங்கே ‘ஆர்.வி.’ என்று பெயர். இவற்றில் பெரும் பகுதி இந்தியானா மாகாணத்து எல்க்ஹார்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்படுகிறது. 2021-ம் வருஷத்தில் மட்டும் 6,00,000 வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளிவந்தன. வாங்கியதோடு செலவு தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள், யானையை வாங்கிவிட்டுத் தீனியை மறந்தவனுக்கு ஒப்பாவார்கள்.

வீட்டுக்கு உள்ள வியாதிகளும் மோட்டாருக்கு உள்ள வியாதிகளும் இந்த வண்டிக்கு ஒருங்கே உண்டு. கூரையின் இணைப்புகளில் பூசிய பசை வெயிலில் வெடித்து மழைநீர் இறங்குகிறது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து பருத்துக் குழாயைப் பிளக்கிறது. ஆகவே, வருஷந்தோறும் சில சில்லறை வேலைகளைத் தவறாமல் செய்தாக வேண்டும். அவற்றைப் பட்டறையில் விட்டுச் செய்விப்பதா, தாமே செய்துகொள்வதா என்பதுதான் கேள்வி.

மணிக்கு 150 டாலருக்குக் குறையாமல் கூலி கேட்கும் பட்டறைகள் இன்று அங்கே சாதாரணம். உல்லாசப் பிரயாணம் செய்யும் கனவான்களுக்கு இது பெரிதல்ல. ஆனால், வாடகை கொடுக்க வகையில்லாமல் வண்டியையே வீடாகக் கொண்ட முதியவர்களும் அந்நாட்டில் இருக்கிறார்கள். ஜெஸிகா ப்ரூடர் 2017-ல் வெளியிட்ட ‘நோமேட்லாண்ட்’ என்னும் புத்தகம் இத்தகையவர்களைப் பற்றியதே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு அரசாங்கம் அளிக்கும் உபகாரச் சம்பளம் 2025 ஜனவரியில் சராசரி மாதம் 1,976 டாலர். அதாவது, பட்டறையில் ஒரு மணி நேர வேலைக்கு அவருடைய இரண்டு நாள் வருமானம் போய்விடுகிறது! அன்றியும், வண்டி பட்டறையில் நிற்கும் இரவுகளில் அவர் எங்கே படுப்பது?

செய்ய வேண்டிய வேலைகளையும் சற்றுப் பார்ப்போம். வெந்நீர்க் கொதிகலம் எஃகினால் ஆனதாயின், அதற்குள் ஓர் உலோகக் கோல் இருக்கும். துரு கொதிகலத்தைத் தின்னாமல், தன்னைத் தின்னும்படி கொடுத்துக்கொள்வதே அந்தக் கோலின் தர்மம். முக்கால் பங்கு கரைந்ததும் புதிது போட வேண்டும். கொதிகலத்தை அணைத்து, நீர் ஆறிய பின் அழுத்தத்தை வெளியேற்றி, ஸ்பானரால் கழற்றி மாட்ட அரைமணி போதும். குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் உறையாத் திரவம் செலுத்துவதற்குப் பட்டறைகளில் 100 டாலருக்கு மேல் ஆகிறது. திரவமோ இரண்டு மூன்று காலன் இருந்தால் போதும், விலையும் சொற்பம். அது ‘ப்ரொபிலீன் கிளைகால்’ வகையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. மோட்டார் எஞ்சினுக்கு ஊற்றும் ‘எதிலீன் கிளைகால்’ கொடிய விஷம். கூரை இணைப்புகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, வெடிப்புக் கண்ட இடத்தில் பசை பூசுவதற்கு ஓர் ஏணியும் ஒரு காலைப் பொழுதும் தேவை. பார்க்காமல் விட்டாலோ, உள்ளே மரம் உளுத்துப்போய் ஆயிரக்கணக்கான டாலர் கரைந்துவிடும்.

“நாமே கை வைத்தால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடுமே!” என்று பலர் அஞ்சுகிறார்கள். இது வீண் பயம். தன்னிடமே பணம் கொடுத்துப் பராமரித்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று எந்தக் கம்பெனியும் நிபந்தனை போடலாகாது என்பது 1975-ல் அமெரிக்காவில் நிறைவேறிய மாக்னுஸன்–மாஸ் சட்டத்தின் ஏற்பாடு. ஆயினும், சொந்தக்காரர் தவறாகச் செய்ததனால் விளைந்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. எனவே, வாங்கிய சாமான்களின் ரசீதையும் வேலை செய்த தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைப்பது விவேகம்.

இதனால் தொழிலாளியை நாம் குறைவாய் மதிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். அந்த 150 டாலரில் கட்டட வாடகை, கருவிகள், இன்ஷுரன்ஸ் எல்லாம் அடங்கியிருக்கின்றன. தவிர, சமையல் வாயுக் குழாய், பிரேக், உயர்ந்த வோல்டேஜ் மின்சாரம் இவைகளில் அனுபவமில்லாதவர் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. அங்கே கூலியைப் பார்ப்பது சிக்கனமன்று, அறியாமை.

ஆகவே, உயிரைப் பற்றிய வேலையை நிபுணரிடம் விட்டு, பொறுமையும் சுத்தமும் மட்டுமே வேண்டிய வேலையைச் சொந்தக்காரரே கற்றுக்கொள்வது உத்தமம் என்பது நமது அபிப்பிராயம். மிச்சமாகும் பணத்தைவிட, கூரை எங்கே ஒழுகுகிறது என்று மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது பெரிய லாபம். வண்டி ஒன்றே வீடாக உள்ளவருக்கு அதைக் காட்டிலும் பெரிய தைரியம் வேறு என்ன இருக்கிறது?