என்.ஏ. மாத்திரை

வேலையில் சேர்ந்த புதிதில், 1991 என்று நினைக்கிறேன், செங்கல் சூளையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தன் பேத்தியின் ஓ.பி. சீட்டை மருந்துக் கவுண்டரின் கம்பிக்குள் நீட்டினார். மூன்று மருந்து எழுதியிருந்தது. இரண்டு இருந்தது, கொடுத்தேன். மூன்றாவதற்கு எதிரே ஆங்கிலத்தில் ‘என்.ஏ.’ என்று எழுதிச் சீட்டைத் திருப்பித் தந்தேன். கைவசம் இல்லை என்பதற்கு எங்கள் குறி அது. வாசலில் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“கம்பவுண்டரம்மா, கடைத்தெரு பூராவும் ஏறி இறங்கிட்டேன். இந்த என்.ஏ. மாத்திரை மட்டும் எவன்கிட்டயும் இல்லேங்கிறான்.”

உள்ளே அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த உதவியாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன; அன்றைக்குச் சிரித்தது இன்னும் உறுத்துகிறது.

எல்லோருக்கும் மருத்துவம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இன்சூரன்ஸா, வரிப்பணமா, எத்தனை கோடி என்று. 30 வருடம் கவுண்டரில் நின்றவளுக்குத் தோன்றுவது, யார் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்ற கேள்விதான். மருந்து செய்யும் நிறுவனத்தின் கையில் இருக்கும் காகிதத்தில் சட்டப் பிரிவு எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. மறுத்தால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அந்தப் பெரியவர் கையில் இருந்தது என்.ஏ.

இந்த இரண்டு காகிதமும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று நம் சென்னையில்தான் தொடங்கியது. இமாட்டினிப் என்ற மாத்திரை. சி.எம்.எல். எனப்படும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கானது. அமெரிக்காவில் 2001 மே மாதம் அனுமதி கிடைத்தது. அதுவரை எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பு என்றிருந்த நோயை, தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்த மருந்து. என் அக்கா வீட்டுக்காரர் 2011இலிருந்து சாப்பிடுகிறார். பஸ் ஓட்டுநராக இருந்தவர். வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று அக்கா சமையல்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் அத்தான் இரவுச் சாப்பாட்டோடு அந்த 400 மில்லிகிராம் மாத்திரையை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, செய்தி பார்த்துக் கட்சிக்காரர்களைத் திட்டுகிறார்.

சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்த மருந்தின் ‘பீட்டா படிக’ வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டது. படிக வடிவம் என்றால் என்ன? சீனியும் கற்கண்டும் ஒரே பொருள். பாகை எப்படி உறைய விடுகிறோம் என்பதில்தான் உருவம் மாறுகிறது. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பு ஏற்கெனவே தெரிந்தது. அதைப் புதிய வடிவத்தில் உறைய வைத்திருந்தார்கள். ஈரத்தை அதிகம் இழுக்காது, நன்றாக நிலைத்து நிற்கும், இயந்திரத்தில் கட்டியாகாமல் ஓடும் என்றார்கள். மழைக்காலத்தில் ஸ்டோர் ரூமில் மாத்திரை பொடிந்து போவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவை நல்ல குணங்கள்தான்.

ஆனால் 2005இல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 3(டி) என்ற பிரிவு அதன் இன்றைய வடிவத்தில் வந்திருந்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், அதன் பலன் முன்பைவிடக் கூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கண்டுபிடிப்பே ஆகாது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. எதிர்த்து வாதாடியவர்களில் இந்திய மருந்து நிறுவனங்களோடு புற்றுநோயாளிகளின் உதவிச் சங்கம் ஒன்றும் இருந்தது. விலைக் கணக்கு அப்போது இப்படி: நோவார்ட்டிஸ் மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்தது 8,000 முதல் 10,000.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அது என்ன கேட்டது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். 3(டி) பிரிவு தெளிவில்லாதது, அதிகாரியின் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுக்கிறது, ஆகவே அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவ உரிமையை மீறுகிறது என்றது. சமத்துவம்! பாஸலில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி, பாரிமுனையில் வந்து நின்று, எனக்குச் சமத்துவம் மறுக்கப்படுகிறது என்று சொல்ல நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. 14ஆம் பிரிவு ‘எந்த ஒரு நபருக்கும்’ என்றுதான் சொல்கிறது. நிறுவனமும் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர்; வெளிநாட்டு நிறுவனமும் அப்படியே. பேச்சுரிமை, தொழில் உரிமை எல்லாம் தரும் 19ஆம் பிரிவு மட்டும் ‘குடிமக்களுக்கு’ என்கிறது. நிறுவனம் குடிமகன் ஆகாது என்று 1963இலேயே உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டது. பின்னாளில் பங்குதாரர்கள் வழியாக அந்தக் கதவையும் கொஞ்சம் திறந்துகொண்டார்கள், அது வேறு கதை.

அமெரிக்காவில் இது இன்னும் தூரம் போய்விட்டது. தேர்தலில் நிறுவனங்கள் தங்கள் பணத்தைச் செலவழித்துப் பிரச்சாரம் செய்வதைப் பேச்சுரிமை என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், ஊழியர்களுக்கான காப்பீட்டில் கருத்தடை முறைகளும் அடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடை நிறுவனம், சில கருத்தடை முறைகள் எங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாதவை என்று வழக்குப் போட்டு 2014இல் 5க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தது. கடைக்கு மதம் உண்டா என்று கேட்காதீர்கள். ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் கடைக்கு உண்டாம். அங்கே கவுண்டரில் நின்ற பெண்ணின் மாத்திரைச் செலவு அவள் முதலாளியின் பக்தியைப் பொறுத்ததாகிவிட்டது.

நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. (ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் என்றும் பிரபா ஸ்ரீதேவனை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.) அதன்பின் தேனாம்பேட்டையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2009இல் மறுத்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம். புது வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதாடியது. மருந்தின் பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன். கூடுதலாகச் சேர்வதால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று காட்டவில்லையே என்றது நீதிமன்றம். ஈரம் இழுக்காதது, நன்றாக ஓடுவது எல்லாம் தயாரிப்புக்கும் இருப்பு வைப்பதற்கும் நல்லது, அவ்வளவுதான் என்றும் சொன்னது.

கம்பெனியை வில்லனாக்கிப் பேசுவது சுலபம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நோவார்ட்டிஸ் இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இந்த மருந்தை இலவசமாகவே கொடுத்துவந்தது. அதை மறைப்பது நியாயமில்லை. காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்ற கேள்வியும் வெறும் சாக்கு இல்லை. இந்த நோய்க்குக் காரணமான குரோமோசோம் கோளாறை 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் கண்டுபிடித்தவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை என்றாலும், அதை மாத்திரையாக்கி நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் செலவை ஒரு கம்பெனி ஏற்றது. ஆனால் இலவசத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. கொடுக்கிறவர் விரும்பும் வரைதான் அது வரும், அவர் வைத்த வரம்புக்குள் இருப்பவருக்குத்தான் வரும். நின்றுபோனால் ஏன் என்று கேட்க வாங்கியவருக்கு வாயில்லை. அத்தான் மாதிரி ஒருவருக்கு ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டும். மற்றவர் மனசை நம்பி ஆயுசு முழுக்க இருப்பது எப்படி?

இதே சங்கடம் அரசின் இலவசத்திலும் இருக்கிறது. நான் உண்ட வீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்பதால் நல்லதை முதலில் சொல்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. அதற்கு முன்னும் பின்னும் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முன்பு டப்பாவில் கொட்டி வரும் மாத்திரையைக் கையால் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். கழகம் வந்தபின் அட்டையில் அடைத்த மாத்திரை, அதன்மேல் அரசு முத்திரை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வங்கியில் பணம் எடுப்பதுபோல மாவட்டக் கிடங்கில் அந்தத் தொகைக்கு மருந்து எடுக்கலாம். மாதிரியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பித் தரம் தேறிய பிறகே மருந்து எங்களிடம் வரும். ராஜஸ்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது நம்மைப் பார்த்துத்தான் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கழகமும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு கம்பெனி! நிறுவனம் என்ற உருவத்தோடு எனக்குப் பகை ஏதும் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆனால் ஸ்டாக் தீர்ந்த நாளில் நாங்கள் எழுதியது அதே என்.ஏ.தான். முன்பைவிடக் குறைவாக எழுதினோம், அவ்வளவே. என் சர்வீஸ் முழுவதிலும், இந்த மருந்து எனக்கு வரவேண்டியது, ஏன் இல்லை என்று ஒரு நோயாளியும் எழுதிக் கேட்டதில்லை. சண்டை போட்டிருக்கிறார்கள், கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எழுதிக் கேட்க அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்ததில்லை.

உரிமையே இல்லை என்று சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்ப, கடைசியில் தனியாரிடம் சிகிச்சை பெற்றார். 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையை அரசு மீறிவிட்டது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நிதி இல்லை என்று அரசு கை விரிக்க முடியாது என்றும் சொன்னது. அவருக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் சங்கம் இருந்தது, அதனால் வழக்கு டில்லி வரை போனது. சங்கம் இல்லாதவர்?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எத்தனையோ இதயங்களை அது ஓடவைத்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்த்து அறுவை செய்யும் செலவுக்கானது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வலிப்புக்கும் மாதா மாதம் வாங்கும் மாத்திரைதான் கூலிக்காரர் வீட்டுப் பணத்தைச் சத்தமில்லாமல் தின்கிறது. அந்த மாத்திரைக்கு அரசு கவுண்டரை விட்டால் போக்கில்லை.

மருத்துவ உரிமையைச் சட்டமாக்கிப் பார்த்தது ராஜஸ்தான், 2023 மார்ச்சில். அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றதும் தனியார் மருத்துவர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். செலவை யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில், அரசிடமிருந்து சலுகையில் நிலம் பெறாத தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு என்று உடன்பாடு வந்தது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர் தப்பித்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது அவ்வளவு பெரிய சட்டம்கூட இல்லை. அரசு கவுண்டரில் மருந்து இல்லை என்றால், ‘கைவசம் இல்லை’ என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு சீட்டுத் தர வேண்டும். அந்தச் சீட்டோடு வெளியே வாங்கினால் 7 நாளுக்குள் பணம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்ய மாவட்டத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இது சட்டமாக வர வேண்டும், அரசாணையாக இல்லை. முதல் மாதமே கவுண்டரில் நிற்கும் பெண்ணின் சட்டையைத்தான் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என் பழைய சகாக்கள் இதைப் படித்துவிட்டுப் போனில் என்னைத் திட்டப் போகிறார்கள். திட்டட்டும். இன்டென்ட் போட்டது நாங்கள், அனுப்பாதது யார் என்று அப்போதாவது மேலே கேள்வி போகும்.

அந்தப் பெரியவருக்குக் கிடைக்காத மூன்றாவது மருந்து ஃபீனோபார்பிடோன், பேத்தியின் வலிப்புக்கு. அடுத்த வாரமே ஸ்டாக் வந்தது. வந்த மாத்திரையைப் பதிவேட்டில் வரவு வைத்தது என் கைதான். அவர் திரும்ப வந்து வாங்கியதாக அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.