கைகா கும்மட்டம் கற்பிக்கும் பாடம்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், பொறியாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பாகும். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இத்தகைய பேட்டைகளிலிருந்தே கொத்தரும், கம்பி கட்டுவோரும், பற்றவைப்போரும் பெருங்கட்டுமானங்களுக்குச் செல்கின்றனர். ஆயினும், அவர்தம் பிள்ளைகளுக்கு அணுசக்தியைப் பற்றிச் சொல்லப்படும் பாடம் யுரேனியப் பிளவில் தொடங்கி மின்விளக்கில் முடிந்துவிடுகிறது. இடையே நிற்கும் காங்க்ரீட்டும் எஃகும் அதில் இடம் பெறுவதில்லை. அவற்றில் நேர்ந்த பிழைகளோ அறவே பேசப்படுவதில்லை. இது பெருங்குறை எனலாம்.

கர்நாடகத்திலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. காளி ஆற்றங்கரையில் அமைந்த கைகா நிலையத்தில், கட்டுமானத்திலிருந்த முதலாவது உலையின் உட்காப்புக் கும்மட்டத்திலிருந்து, 1994-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் ஏறத்தாழ 130 டன் காங்க்ரீட் பெயர்ந்து வீழ்ந்தது. தொழிலாளர் சிலர் காயமுற்றனர். உலையில் எரிபொருள் இடப்படாத காலமாதலின் கதிர்வீச்சு அபாயம் இல்லை.

காரணம் யாது? கும்மட்டத்துள் வளைவாகச் செல்லும் எஃகுக் கம்பி வடங்களை இழுத்து இறுக்குங்கால், அவை உட்புறமாக அழுத்தும். அழுத்தமுற்ற காங்க்ரீட்டோ வெளிப்புறமாக உப்ப முற்படும். இதனால் அடுக்கடுக்காகப் பிரிக்கும் இழுவிசை தடிப்பின் குறுக்கே எழும். அவ்விசையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் போதிய அளவில் அமைக்கப்படவில்லை. இதனை விளக்கப் பெரிய கருவிகள் வேண்டா. காகிதத் துண்டுகள் பலவற்றை அடுக்கி, வளைத்து, இரு முனைகளையும் நெருக்கினால் நடுவே அடுக்குகள் பிரிவதை மாணவர் கண்ணாரக் காண்பர். அவ்வடுக்கை ஊசி நூலால் குறுக்கே தைத்துவிட்டால் அது பிரியாது.

விபத்தின்பின் செய்யப்பட்டதும் அத்தையலேயாகும். ஆய்வுக் குழுக்கள் அமர்த்தப்பட்டன, வடிவமைப்பு திருத்தப்பட்டது, வலிமை மிக்க காங்க்ரீட் பயன்படுத்தப்பட்டது. அதே வகைக் கும்மட்டம் கொண்ட ராஜஸ்தான் உலைகளின் பணியும் இதன்பொருட்டுத் தாமதமாயிற்று. ஆண்டுகள் கழிந்தன, செலவும் மிகுந்தது. முடிவில், 2000-ஆம் ஆண்டில் கைகா முதலாம் உலை மின் உற்பத்தியில் இறங்கிற்று. அதே உலை 2016-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் முதல் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வரை, 962 நாள்கள் இடையறாது இயங்கி அந்நாளில் உலக அளவில் முதலிடம் பெற்றது. பின்னர் 2020-இல் கனடாவின் டார்லிங்டன் உலையொன்று அதனைக் கடந்தது. வீழ்ச்சியை மறைத்துவிட்டு இச்சாதனையை மட்டும் கூறுதல், வேரை மறைத்துக் கனியைக் காட்டுவது போன்றதாகும்.

நிற்க. பாதுகாப்புத் துறையின் அணுப் பணிகளில் இவ்வெளிப்படை இயலுமா என வினவப்படலாம். நீர்மூழ்கிக் கப்பலின் உலை வடிவத்தைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று எவரும் கூறார். ஆனால், பற்றவைப்பைச் சோதிக்கும் முறையும், வடிவமைத்தவர் அல்லாத பிறர் கணக்கைச் சரிபார்க்கும் நெறியும் இரகசியங்கள் அல்ல. 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்பு மேற்பார்வை அவ்வாரியத்திடமிருந்து விலக்கப்பட்டு, அந்நிலையத்தின் உள் அமைப்பிடமே ஒப்படைக்கப்பட்டது. இரகசியம் மிகும் இடத்தில்தான் பிறர் கண் மிகுதியும் தேவைப்படுகிறது. கதிர்வீச்சும் காங்க்ரீட்டும் இராணுவம், சிவில் என்னும் வேறுபாட்டை அறியமாட்டா.

ஆகவே, ஆசிரியர்கள் கைகா கும்மட்டத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் வேண்டும். களப்பணியாளரும், தாம் கண்ட விரிசலைச் சிறிதென்று கருதாது குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதுபவரை மேலதிகாரிகள் கடிந்துகொள்ளலாகாது. மர்பி டவுனிலிருந்து நாளை ஒரு மாணவர் இத்தகைய கும்மட்டத்தின்கீழ் நின்று பணியாற்றக்கூடும். தலைக்கு மேலிருப்பது எதனால் நிற்கிறது, எதனால் வீழும் என்பதை அறிந்திருத்தல் அவருக்குரிய உரிமையாகும்.