கிராம் கணக்கும் ஏற்றத்தின் கணக்கும்

மலைமிதிவண்டி வைத்திருக்கும் மாணவர்களிடையே ஒரு கோட்பாடு கேள்வியின்றி நிலைத்துவிட்டது: எடையைக் குறைப்பதே மேம்பாடு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களிலும், களியக்காவிளை தாண்டிய விளவங்கோட்டுப் பக்கத்திலும், உதவித்தொகையில் மிச்சம்பிடித்து வாங்கிய 15 கிலோ வண்டியைத் தராசில் தொங்கவிட்டு, எதைக் கழற்றலாம், எதை மாற்றலாம் என்று கணக்கிடும் மாணவனுக்குக் குறைவில்லை. அவன் கணக்கிடுவது தவறன்று. அவன் கையிலெடுத்த அலகுதான் தவறு. கிராம் என்பது விற்பவனின் அலகு.

பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். ஓட்டுபவன் 65 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 80. வெள்ளறடைக்கு அப்பால் கூனிச்சி மலைப்பக்கம் 100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 78,400 ஜூல். கால்கள் சீராக 150 வாட் தருமெனில், உராய்வை ஒதுக்கிவிட்டால், 8 நிமிடம் 43 விநாடியில் ஏறிவிடலாம். வண்டியில் ஒரு முழுக் கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது 980 ஜூல், அதாவது ஆறரை விநாடி. மேட்டில் நின்று முகத்தைத் துடைத்துக்கொள்ளும் நேரம்கூட இல்லை. அந்த ஒரு கிலோவைப் பணம் கொடுத்துக் குறைக்கவோ ஃபோர்க், சக்கரம், கைப்பிடி என்று பல உறுப்புகளை மாற்றவேண்டியிருக்கும்.

இதற்கு எதிராக எப்போதும் எடுத்துக்காட்டப்படும் வாதம் ஒன்று உண்டு. சக்கரத்தில் குறையும் ஒரு கிராம், சட்டகத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்பது அது. விளிம்பில் உள்ள நிறைக்கு நேர்கோட்டு இயக்க ஆற்றலோடு சுழற்சி ஆற்றலும் சேர்வதால், வேகத்தைக் கூட்டும் அந்தக் கணத்தில் மட்டும் இது உண்மை. சீராக ஏறும்போது புவியீர்ப்பு விளிம்பையும் சட்டகத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாதி உண்மையைக் கொண்டு முழு விலையை வாங்கிக்கொள்ளும் வாதம் இது.

இதைவிடக் கேடான அறிவுரையும் உண்டு. மலிவான வண்டிகளில் முன்புறம் மூன்று பற்சக்கரங்கள் இருக்கும். பெரும்பாலும் 42, 32, 22 பற்கள். "ஒன்றை மட்டும் வைத்துக்கொள், முன் டெரெய்லரையும் மற்ற இரண்டையும் கழற்றிவிடு, அரைக் கிலோ போய்விடும்" என்கிறார்கள். போகும்தான். கூடவே 22 பல் சக்கரமும் போகிறது. பின்சக்கரத்தை மாற்றாமல் 32 பல்லோடு அதே மேட்டை ஏறும்போது மிதியில் கொடுக்கவேண்டிய விசை 45 விழுக்காடு கூடுகிறது. அரைக் கிலோ குறைந்ததால் கிடைத்த பயனோ 80 கிலோவில் 0.6 விழுக்காடு. இழப்பை ஈடுகட்ட 50 பல் வரை விரியும் பின்பற்சக்கரத் தொகுதி வேண்டும். அதற்கேற்ற டெரெய்லரும் மாற்றியும் சங்கிலியும் வேண்டும். அவை விலையேறியவை, பழைய தொகுதியைவிடக் கனமானவையும்கூட. ஏற்றத்தை எளிதாக்கவேண்டும் என்பதே நோக்கமென்றால், 32 பல்லை 30 ஆக்கினாலே மிதிவிசை 6 விழுக்காட்டுக்குமேல் குறையும், வேகம் சற்றுக் குறைந்தாலும். எடையின் வழியாக அதே பயனைப் பெறவேண்டுமாயின் 15 கிலோ வண்டியிலிருந்து 5 கிலோவை வெட்டியெறிய வேண்டும்.

இந்த வகை வண்டியின் பிறப்பு வரலாறும் எடைக்கோட்பாட்டுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ரீபேக் என்னும் இறக்கப் பந்தயம் தொடங்கியபோது, ஓடியவை பழைய ஷ்வின் வகைக் கனத்த வண்டிகள். ஒவ்வோர் இறக்கத்திலும் பின்குடத்துப் பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோக, மீண்டும் திணிக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. கேரி ஃபிஷர் போன்றோர் அந்த வண்டிகளில் டிரம் பிரேக், டெரெய்லர், மோட்டார் சைக்கிள் பிரேக் கைப்பிடி ஆகியவற்றைச் சேர்த்தனர். எல்லாம் எடையைக் கூட்டுபவை. பின்னாளில் வந்த அதிர்வுதாங்கி ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். கூடுதல் எடையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டதால் வளர்ந்த வண்டி இது.

எல்லைச் சிற்றூர்களின் தடத்தைப் பார்த்தால் பணம் போகவேண்டிய திசை தெளிவாகும். இடவப்பாதியிலும் துலாமழையிலும் நனைந்த செம்பாறைச் சரிவு, ரப்பர் மரங்களுக்கிடையே வெட்டுக்காரர் நடந்து வழுவழுப்பான ஒற்றையடிப் பாதை, 2004 முதல் தமிழகப் பக்கத்துக்கு நீர் விடப்படாத நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் கரை (அந்த அநீதி தனிக்கட்டுரைக்குரியது). இங்கே விழுபவன் எடையால் விழுவதில்லை. பிடிப்பில்லாத டயராலும் செம்மண் சேற்றில் தேய்ந்த பிரேக் பேடாலும் விழுகிறான். எனவே முதல் செலவு பிரேக் பேடுக்கு. அடுத்தது நல்ல டயருக்கு. கம்பி விளிம்புள்ள டயரை மடிக்கக்கூடிய டயராக மாற்றினால் எடையும் குறையும், அது உடன்விளைவு. விளிம்பு இடம்கொடுத்தால் ட்யூப்லெஸ் ஆக்கலாம். குறைந்த காற்றழுத்தத்தில் டயர் தரையைப் பற்றும், முள் குத்திய துளை தானே அடையும். உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவங்கள் பலவற்றுக்கு அடிப்படை ரப்பர்ப்பால். குன்னத்துக்கால் தோட்டத்தில் விடியற்காலை சிரட்டையில் சொட்டுவது, அம்மோனியா வாடையுடன் சிறு புட்டியில் திரும்பி வந்து விலை கேட்கிறது.

செலவில்லாமல் குறைக்கக்கூடியதைக் குறைக்கட்டும்: பக்கத் தாங்கி, பயன்படாத கூடை, பையில் கிடக்கும் தேவையற்ற இரும்பு. எஃகு இருக்கைத்தண்டை அலுமினியமாக்குவதும் பொருத்தமானதே. ஆனால் தயாரித்தவர் பெயர்கூட இல்லாத மலிவுக் கார்பன் கைப்பிடியை வாங்குவது சிக்கனமன்று. அலுமினியம் பெரும்பாலும் வளைந்தோ விரிசலிட்டோ எச்சரிக்கும். குறையுள்ள கார்பன் எச்சரிக்காமலே முறியக்கூடும். அது முறியும் இடம் பெரும்பாலும் இறக்கத்தின் நடுவில்.

எடைவாதிகளுக்கு ஓரிடத்தில் மட்டும் நியாயம் உண்டு; அந்த இடத்தை அவர்கள் பேசுவதே இல்லை. 75 கிலோ உள்ளவனுக்கு 15 கிலோ வண்டி அவன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 45 கிலோ உள்ள மாணவிக்கு மூன்றில் ஒரு பங்கு. கால்வாய்த் திட்டில் தூக்கி ஏற்றும்போதும், விடுதிப் படிக்கட்டில் சுமக்கும்போதும், சரிவில் திருப்பும்போதும் அந்த வேறுபாடு தோளில் உறைக்கும். அவளுக்குக் கிராம் குறைப்புப் பட்டியல் எதுவும் உதவாது. அவளுக்கு வேண்டியவை சிறிய சட்டகம், குட்டையான கிராங்க், அவள் எடைக்கேற்பக் காற்றழுத்தத்தை மாற்றியமைக்கக்கூடிய ஃபோர்க். மலிவு வண்டியில் வரும் இரும்புச்சுருள் ஃபோர்க்கோ அவள் ஏறி அமர்ந்தாலும் அசையாமல் நிற்கிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத அந்தச் சுமையை அவள் வீணாகவே மேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.