விதியாம், விதி!

‘சுனா நொ உட்சுவா’ 1974இல் நொமுரா யொஷித்தாரோ இயக்கிய ஜப்பானியத் துப்பறியும் படம். ‘மணல் பாத்திரம்’ எண்டு பொருள். பார்த்தவர்கள் கடைசியில் வந்து நிற்கிற சொல் ஒண்டுதான்: விதி. அந்தச் சொல்லோடதான் எங்களுக்குச் சண்டை.

தோக்கியோ ரயில் முற்றத்தில் ஒரு முதியவரின் சடலம். பேர்கூடத் தெரியாது. கொலைக்கு முன் மதுச்சாலையில் அவர் வடகிழக்கு வழக்கில் கதைத்தாராம், ‘கமேதா’ எண்ட சொல் கேட்டதாம். வடக்கே அலைந்து ஏமாந்த துப்பறிவாளர் இமானிஷி, அதே சாயலில் கதைக்கிற ஊர் மேற்கே இசுமோ பக்கமும் இருக்கெண்டு கண்டுபிடிக்கிறார். பேச்சை வைத்தே ஊரைச் சொல்லிவிடுகிற மட்டக்களப்பாருக்கு இந்த இடம் நல்லாப் பிடிக்கும்.

ஐம்பது வருசப் படம், கொலைகாரனைச் சொன்னால் குறைநினைக்காதீங்க. செத்தவர் முன்னாள் பொலிஸ்காரர் மிக்கி. கொன்றவன் புகழ்பெற்ற இசையமைப்பாளன் வாகா. வாகாவின் தகப்பனுக்குத் தொழுநோய். மகனோடு பிச்சையெடுத்துத் திரிந்தவரைப் பிரித்து சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பியவர் மிக்கி. பல வருசம் கழித்து, ‘அப்பா உயிரோட இருக்கார், வந்து பார்’ எண்டு கெஞ்சினதுக்காகத்தான் கொல்லப்பட்டார்.

வாகாவின் இசைக்குப் பேரே ‘விதி’. அழவைக்குது, மறுக்கேல. ஆனா பிரித்தது விதியா? தொழுநோயாளரை அடைத்துவைக்கச் சட்டம் இருந்தது. மருந்து வந்த பிறகும் 1953இல் அதைப் புதுப்பித்தார்கள். படம் தியேட்டரில் ஓடும்போதும் அமுலில் இருந்தது. நீக்கியது 1996இல். அரசியலமைப்புக்கு விரோதம் எண்டு குமமோட்டோ நீதிமன்றம் சொன்னது 2001இல். மிக்கி நல்ல மனிசன்தான். அந்த நல்ல மனிசன்ட கையாலதான் சட்டம் வேலைசெய்தது.

தமிழ்ப்படம் இதைவிட மோசம். 1954இன் ‘இரத்தக்கண்ணீர்’, எம்.ஆர்.ராதாவின் பாத்திரத்துக்குத் தொழுநோயைப் பாவத்தின் கூலியாகவே கொடுத்தது.

எங்கட வாவிக்குள்ள மாந்தீவு இருக்கு. பிரித்தானியர் காலத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரி, தோணியிலதான் போகவேணும். ஏன் தீவில கட்டினாங்க? நோயைக் குணமாக்கத் தண்ணி சுத்திவர இருக்கத் தேவையில்லை. கரையில இருந்தவங்களுக்குத்தான் அது தேவைப்பட்டது.

1980கள் தொட்டுக் கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதம், கூடினால் ஒரு வருசம். ஆனாலும் புதிய நோயாளர் கூடுதலாகக் காணப்படுகிற மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒண்டு. ‘குட்டரோகி’ இன்னும் ஏச்சுச் சொல்லாக இருக்கிற ஊரில், உணர்ச்சியில்லாத வெளிறிய படையை முழுக்கைச் சட்டைக்குள்ள மறைக்காம என்ன செய்வான் ஒரு பொடியன்? அவனிட்ட விதியைப் பற்றிக் கதைக்காதீங்க. தோல் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க.