கண்ணால் காணும் கடிக்கு விறைத்த ராட் எதற்கு?

பாஸ் மீன் பிடிப்பவர்களிடையே இன்று யாரும் கேள்வி கேட்காத ஒரு நம்பிக்கை உண்டு. ராட் விறைப்பாக இருக்க வேண்டும். தூண்டில் நரம்பு துளியும் நீளக் கூடாது. ரீல் அதிவேகமாகச் சுழல வேண்டும். இந்த மூன்றுக்கும் எவ்வளவு செலவழிக்கிறோமோ அவ்வளவு மீன் கூடையில் விழும் என்று கடைக்காரர் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். நீருக்கடியில் தரையைத் தடவிச் செல்லும் இரைகளுக்கு இது பெருமளவு பொருந்தும். ஆனால் நீர்ப்பரப்பில் மிதந்து, தலையாட்டி, நீரைத் தெறிக்கவிட்டு மீனை மேலே வரவழைக்கும் டாப்வாட்டர் இரைகளுக்கும் அதே அளவுகோலைப் பிடிப்பது பெரும் பிழை. அங்கே வந்த மீன் முள்ளில் சிக்காமல் போவதற்கும், சிக்கிய மீன் பாதியில் கழன்று போவதற்கும் பல நேரங்களில் அந்த விறைப்பே காரணம். ராட், நரம்பு இரண்டில் ஏதேனும் ஒன்றாவது நெகிழ்ந்து கொடுத்தாக வேண்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பதினைந்து அடி ஆழத்தில் ரப்பர்ப் புழுவையோ ஜிக்கையோ இழுத்துவரும்போது மீன் கடிப்பது கண்ணுக்குத் தெரியாது. கல்லில் உரசியதா, கொடியில் மாட்டியதா, மீன் வாயில் போனதா என்பதை நரம்பின் வழியே வரும் சின்ன அதிர்வை வைத்துத்தான் கை தீர்மானிக்கிறது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் எச்.எம்.ஜி. என்ற கிராஃபைட் ராடைக் கொண்டுவந்தபோது, அதுவரை கண்ணாடியிழை ராடுக்குள் மழுங்கிப்போன அதிர்வுகள் கைக்கு எட்டின. 1990களில் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நரம்பு பரவியபோது நீட்சி என்ற குறையும் ஏறக்குறைய ஒழிந்தது. இரண்டும் உண்மையான முன்னேற்றங்கள். பிறகு விற்பனை மொழி அவற்றை எடுத்துக்கொண்டது. ‘உணர்திறன்’ என்ற ஒரே குணம் எல்லாக் கருவிகளுக்கும் மதிப்பெண் ஆயிற்று. 30 டன், 40 டன் என்று கிராஃபைட்டின் மாடுலஸ் ராடின் மேலேயே அச்சாகிறது. அந்த எண் சொல்வது, குறைந்த எடையில் அதே விறைப்பு கிடைக்கும் என்பதை மட்டுமே; பெரும்பாலும் அதற்கு விலையாக நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. எந்த இரைக்கு எந்த ராட் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

டாப்வாட்டரில் மீன் கடிப்பதை முதலில் கண்டுகொள்வது கண், அடுத்தது காது. நீர் வெடிப்பதும் இரை மறைவதும் நாற்பது கெஜம் தள்ளியிருந்தாலும் தெரிகிறது. அந்தச் செய்தியைக் கைக்குச் சொல்ல உணர்திறன் மிக்க ராட் வாங்குவது, எதிரில் வந்து நிற்பவரைக் கைப்பேசியில் அழைத்து வந்துவிட்டீர்களா என்று கேட்பதைப் போன்றது. தேவையற்ற செலவு என்பதோடு முடிந்தால் இதைக் கண்டிக்க வேண்டியதில்லை. பாஸ் உண்ணும் விதத்தைப் பார்த்தால் கெடுதல் புரியும். அது பெரும்பாலும் இரையைப் பல்லால் கவ்வுவதில்லை. வாயைச் சட்டென விரித்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அந்த நீரோட்டத்தோடு இரையும் உள்ளே போக வேண்டுமானால் நரம்பில் கொஞ்சம் தொய்வு வேண்டும். விறைத்த ராடின் நுனியில் நீளாத நரம்பு இறுகி நின்றால் இரை பாதி வழியில் தடைபடும். உறிஞ்சல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு மீன் வாயை மூடி, திரும்பி, கீழே போக இன்னும் சற்று நேரம் பிடிக்கும். கண் கண்டதற்குக் கை பதில் சொல்ல ஐந்தில் ஒரு நொடி போதும். மீன் திரும்புவதற்குள் ராட் வெட்டி இழுக்கப்படுகிறது. மீனின் முகம் இன்னும் படகைப் பார்த்திருப்பதால் இரை வந்த வழியே வெளியே பறக்கிறது. நுனி வளையும் ராடும் சற்று நீளும் நரம்பும் இந்த அவசரத்தின் முதல் வீச்சைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன.

முள் தைத்த பிறகும் இதே கணக்குத்தான். இடம் வலமாகத் தலையாட்டி ‘நடக்கும்’ இரைகளிலும் நீரைத் துப்பும் பாப்பர்களிலும் இருப்பவை மெல்லிய கம்பியாலான மும்முனை முட்கள். கூர்மை கெடாமல் இருந்தால் அவை தைக்கச் சிறு இழுப்பு போதும். ஓங்கி வெட்டினால் வாய்த் தசை கிழியும், அல்லது முள்ளே விரியும். பாஸ் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும்போது, கனமான மர இரையோ பிளாஸ்டிக் இரையோ ஊசலாடி முள்ளை நெம்புகிறது. விறைத்த ராட் இந்த அசைவைப் பின்தொடராது. ஒரு கணம் நரம்பு தளரும், அடுத்த கணம் சுண்டும். நடுப்பகுதி வரை வளையும் ராட் தளர்வை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு ஒரே சீரான இழுவையில் மீனை வைத்திருக்கும். வரலாறும் இதற்குச் சாட்சி. ஃபிரெட் ஆர்போகாஸ்ட்டின் ஜிட்டர்பக்கும் ஹெட்டன் நிறுவனத்தின் ஸாரா ஸ்பூக்கும் 1930களின் இறுதியில் சந்தைக்கு வந்தவை. கிராஃபைட் ராட் பிறக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. மூங்கில் ராடிலும் கண்ணாடியிழை ராடிலும் அந்த இரைகள் பெயர் வாங்கின. இன்றும் அதே வடிவில் விற்கின்றன.

நரம்பைப் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. மீனுக்குத் தெரியாத நரம்பு என்பதால் ஃபுளோரோகார்பனே எங்கும் உயர்ந்தது என்று நம்புகிறார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுடையது 1.42, நைலானுடையது 1.5க்குச் சற்று மேல். நீருக்குள் மூழ்கிய நரம்புக்கு இந்த வேறுபாடு ஓரளவு பொருள் தரும். நீர்ப்பரப்பில் கிடக்கும் நரம்பு பாதி காற்றில் இருக்கிறது. நீரின் தோலைக் குழித்துக்கொண்டு, வானத்தின் பின்னணியில் கோடாகத் தெரிகிறது. அங்கே ஒளிவிலகல் கணக்கு உதவாது. உதவாவிட்டாலும் போகட்டும், உபத்திரவமும் செய்கிறது. ஃபுளோரோகார்பனின் அடர்த்தி 1.78, எனவே அது மூழ்கும். மூழ்கும் நரம்பு இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். பாப்பர் நீரைத் துப்புவதற்குப் பதிலாக முங்கும். இடம் வலமாகத் தலையாட்ட வேண்டிய இரை தடுமாறும். மேலே நிற்பதற்கென்றே செய்த இரையை அடியில் இழுக்கும் நரம்பில் கட்டுவதைச் சிக்கனம் என்றோ நுட்பம் என்றோ சொல்ல முடியாது. நைலானின் அடர்த்தி 1.14தான், இரை நீரில் விழுந்து கரை சேரும் வரையிலான சிறிது நேரத்தில் அது பெரிதாக மூழ்குவதில்லை. பிரெய்ட் 0.97, அது மிதக்கும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். நைலான் கால்வாசி வரை நீளும், தொலைவில் இருக்கும் மீனின் வாயில் முள்ளை எப்படி இறக்குவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதன் பின்னுள்ள கணக்குத்தான் தவறு. அந்தக் கால்வாசி நீட்சி நரம்பு அறுபடும் நிலையை நெருங்கும்போது வருவது. 15 பவுண்டு நரம்பில் கையும் ராடும் சேர்ந்து முள்வரை கொண்டு சேர்க்கும் இழுவை சில பவுண்டுகளே. அந்த அளவில் நீட்சியும் சிறியதே. மெல்லிய மும்முனை முள்ளுக்கு அந்த இழுவை தாராளம். மிகத் தொலைவுக்கு எறிய வேண்டிய திறந்த ஏரிகளில் பிரெய்ட்டே பொருத்தம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நீட்சியை நரம்பிலிருந்து எடுத்துவிட்டால் அதை ராடில் திருப்பித் தந்தாக வேண்டும். பிரெய்ட்டுக்கு நடுவரை வளையும் ராட். நைலானுக்குச் சற்று விறைத்த ராட். பிரெய்ட்டின் நுனியில் ஒன்றரை அடி நைலானைக் கட்டுவதும் அவசியம். துவண்ட பிரெய்ட் தொய்வு விழும்போதெல்லாம் முன் முள்ளில் சுற்றிக்கொள்ளும்.

தவளை இரையைக் காட்டி இந்த வாதத்தையே தள்ளிவிட நினைப்பவர்கள் உண்டு. தாமரை இலைகளுக்கும் பாசிப் படலத்துக்கும் மேலே இழுக்கும் உள்ளீடற்ற தவளைக்கு 50 முதல் 65 பவுண்டு பிரெய்ட்டும், ஏழடிக்கு மேற்பட்ட தடித்த ராடும் வேண்டும் என்பது உண்மை. நம் ஊர்க் குளங்களில் இதே வகைத் தவளையைப் போட்டு விரால் பிடிப்பவர்களுக்கும் அது தெரியும். காரணத்தைக் கவனிக்க வேண்டும். தவளையின் முள் தடித்த இரட்டை முள்; அது ரப்பர் உடலோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. மீனின் வாய் அந்த உடலை நசுக்கிய பிறகே முள் வெளிப்படும். அதைத் தைக்க வலு வேண்டும். தைத்த மறுகணமே மீனைக் கொடிகளுக்குள் புகவிடாமல் இழுத்தெடுக்கவும் வலு வேண்டும். ஆக, இங்கே விறைப்பைக் கேட்பவை முள்ளின் தடிமனும் சுற்றியிருக்கும் செடியும்தான். உணர்திறனுக்கு இங்கும் வேலை இல்லை. தவளைக்கான ராடை எடுத்துத் திறந்த நீரில் பாப்பரை எறிபவர், ஒரு விதிவிலக்கைப் பொது விதியாக்கிக்கொள்கிறார்.

ரீலின் வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 6.3:1 விகிதமுள்ள ரீல், ஸ்பூலின் அளவைப் பொறுத்து, கைப்பிடியின் ஒரு சுற்றுக்குச் சுமார் 26 அங்குலம் சுருட்டும். 8:1 ரீல் 32 அங்குலத்தைத் தாண்டும். நின்றால் மூழ்கிவிடும் பஸ்பெய்ட்டுக்கு வேகம் உதவும். நடக்கும் இரைக்கு ரீலின் வேலை, ஒவ்வொரு சுண்டலுக்கும் பிறகு விழும் தொய்வைச் சேகரிப்பது மட்டுமே. 7:1 அதற்குப் போதுமானது. மெதுவாகக் குலுங்கி வரவேண்டிய ஜிட்டர்பக்கை 8:1 ரீலில் நிதானமாக இழுப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். வேகமான ரீல் இரையை அதன் தாளத்தை விட விரைவாக ஓட்டத் தூண்டுகிறது என்பதே அதன் பெரிய குறை.

போட்டிகளில் வெல்பவர்கள் விறைத்த, விலை கூடிய ராட்களைத்தானே வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். அவர்களின் படகுத் தளத்தில் பத்துப் பன்னிரண்டு ராட்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. படத்தில் அவர்கள் கையில் பிடித்திருக்கும் ராட், அவர்களுக்குப் பணம் தரும் நிறுவனம் அந்த ஆண்டு விற்க விரும்பும் ராட். இரண்டு ராட்களுக்கு மட்டுமே பணம் வைத்திருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பது வீண். எடை தெரியும் வரை இழுக்காமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் எந்தக் கருவியும் சரிதானே என்றும் சொல்வார்கள். கற்றுக்கொண்டவருக்குச் சரிதான். ஆனால் நீர் வெடிக்கும்போது கை துள்ளாதிருக்கப் பல பருவங்கள் பழக வேண்டும். பழகிய கையும் சில நேரம் துள்ளும். அதுவரைக்கும், அதன் பிறகும், கையின் தவறைத் தாங்கிக்கொள்ளும் கருவியை வைத்திருப்பதில் என்ன இழுக்கு? மேலும், காத்திருக்கத் தெரிந்தவருக்கும் மீன் எகிறிக் குதிக்கும்போது மும்முனை முள்ளைக் காப்பது ராடின் வளைவுதான்.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை டன் கிராஃபைட் என்பதாக இருக்கக் கூடாது. என் இரையில் இருப்பது மெல்லிய மும்முனை முள்ளா, தடித்த முள்ளா? எறியப்போவது திறந்த நீரிலா, செடிக்குள்ளா? மெல்லிய முள், திறந்த நீர் என்றால் ஆறரை முதல் ஏழடிக்குள் நடுத்தர வலுவுள்ள, நுனி நெகிழும் ராடும், 15 பவுண்டு நைலானும், 6:1 முதல் 7:1 வரையிலான ரீலும் போதும். நுனியைக் கீழ்நோக்கிச் சுண்டும்போது ராட் நீரில் அடிக்காமலிருக்க நீளம் குறைவது நல்லதே. தடித்த முள், அடர்ந்த செடி என்றால் பிரெய்ட்டுக்கும் தடித்த ராடுக்கும் போகலாம். இரண்டு வேலையையும் ஒரே ராட் செய்யும் என்றும், அது விலை உயர்ந்ததாக இருந்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்றும் சொல்பவரிடம், அந்த ராட் கைக்குச் சொல்லப்போகும் எந்தச் செய்தியைக் கண் முன்பே சொல்லவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வரை பணப்பையைத் திறக்க வேண்டாம்.